இரண்டு எழுத்துகளுக்கு நடுவே

அவருடைய மேசையில் எப்போதும் இரண்டு கீ இருக்கும். எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக வானலையில் அனுப்பும் மோர்ஸ் முறைக்கான விசைகள். ஒன்று, இரட்டை இதழ் கொண்ட பேடில். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாறி மாறித் தொட்டால் போதும், புள்ளிகளும் கோடுகளும் அளவெடுத்தாற்போல வெளிவரும். நீண்ட நாள் நண்பர்களோடு நிமிடத்துக்கு 30 சொற்கள் வேகத்தில் அரட்டை அடிக்கும்போது அதைத்தான் பயன்படுத்துவார். மற்றொன்று பழைய பித்தளைக் கீ. கறுப்புக் குமிழ், ஒரு சுருள்வில், மேலும் கீழுமாக இரண்டு திருகுகள், அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியையும் மணிக்கட்டை அசைத்துக் கையாலேயே அடிக்க வேண்டும். யாராவது புதிதாகக் கற்றுக்கொள்ள வந்திருந்தால் மட்டுமே பித்தளைக் கீயின் கம்பி ரேடியோவில் செருகப்படும். கற்பவன் கையால் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் பதில் சொல்வதும் ஒரு கையாகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

எனக்காக அந்தக் கம்பி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் செருகியே இருந்தது.

அவர் பெயரையும் அழைப்புக்குறியையும் இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னாலே பேச்சை ஆன்டெனா பக்கம் திருப்பிவிடுகிற மனிதர். அவர் இல்லாத நேரத்தில் அந்தக் கூச்சத்தை மீற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் எனக்குச் செய்ததை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஹாம் ரேடியோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். தேர்வு எழுதி உரிமம் பெற்ற ஒருவர், தமக்கென ஓர் அழைப்புக்குறியோடு வீட்டிலேயே நிலையம் வைத்து உலகெங்கும் உள்ள பிற உரிமதாரர்களோடு வானலையில் தொடர்பு கொள்ளலாம். குரலில் பேசலாம், மோர்ஸில் அனுப்பலாம், இப்போது கணினி வழியாகவும் செய்யலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் இந்தச் சேவையை வரையறுக்கும்போது, தாமே பயிலுதல், தொடர்பு கொள்ளுதல், தொழில்நுட்ப ஆய்வு என்ற மூன்று நோக்கங்களைச் சொல்லி, பண ஆதாயம் இல்லாமல் செய்யப்படுவது என்று முடிக்கின்றன. அந்தக் கடைசி நிபந்தனையை அவர் வேதம்போலப் பிடித்துக்கொண்டிருந்தார். கேபிள், கனெக்டர், பழைய மின்மாற்றி என்று எத்தனையோ பொருள்கள் அவர் வீட்டிலிருந்து பிறர் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. யாரிடமும் அவர் காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு கண்காட்சியில் ஹாம்கள் சிலர் மேசை போட்டு நிலையம் அமைத்திருந்தார்கள். அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன். அதற்கு ஓராண்டு முன்பே ஒரு சிற்றலை வானொலிப் பெட்டியில் இரவுகளில் எதையெதையோ கேட்டுத் திரிந்தவன் நான். மேசையில் இருந்த மற்றவர்கள், உன்னிடம் என்ன கருவி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அவர் மட்டும், "இதுவரை என்னவெல்லாம் கேட்டாய், தம்பி?" என்று கேட்டார். அலைவரிசைகளுக்கு நடுவே கேட்ட விசில்கள், திடீரென்று எழுந்து அடங்கிய ஓர் அயல்மொழிக் குரல், எந்த நேரமும் எங்கோ துடித்துக்கொண்டிருக்கும் மோர்ஸ் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அரை மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு துண்டுத்தாளில் தம் வீட்டுக்கு வழி எழுதிக் கொடுத்தார்.

உரிமம் இல்லாதவன் டிரான்ஸ்மிட்டரைத் தொடக் கூடாது. அதில் அவர் மிகக் கண்டிப்பு. ஆகவே பாடமெல்லாம் ஒரு சிறிய பஸரில்தான் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவே பித்தளைக் கீ. முதல் நாள் இரண்டே எழுத்துகள். கே, எம். 'டாடிடா', 'டாடா'. இந்த இரண்டில் 100 எழுத்துக்கு 90 சரியாக எழுதிய பிறகுதான் மூன்றாவது எழுத்து. 1930களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் வகுத்த முறை இது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "ரெண்டு பேரை முதலில் அறிமுகம் செய்துகொள். கூட்டத்தை அப்புறம் பார்க்கலாம்" என்பார்.

அவர் கற்பித்த விதத்தில் ஒரு நுட்பம் இருந்தது. கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் அது புரியும். மோர்ஸ் வேகத்தை அளப்பதற்கு 'பாரிஸ்' என்ற சொல்லை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் தன் பின்னால் வரும் இடைவெளியையும் சேர்த்து 50 புள்ளி நீளம். நிமிடத்துக்கு 5 சொற்கள் என்றால் ஒரு புள்ளி 0.24 நொடி நீடிக்கும். அந்த வேகத்தில் கேட்பவன், தன்னை அறியாமலேயே புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணத் தொடங்கிவிடுவான். பிறகு வேகம் 10ஐ நெருங்கும்போது எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். பலர் அங்கேயே நின்றுபோய், மோர்ஸ் நமக்கு வராது என்று கீயை மூடி வைத்துவிடுகிறார்கள்.

அவர் எழுத்தை மெதுவாக்கவே இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் 15 சொல் வேகத்தில், ஒரு புள்ளிக்கு 0.08 நொடி வீதம், முழு உருவத்தோடு அடிப்பார். அடித்துவிட்டுக் காத்திருப்பார். முறைப்படி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மூன்று புள்ளி நேரம், அதாவது கால் நொடிதான் விட வேண்டும். அவர் எனக்கு மூன்று நொடி விட்டார். நான் எழுதி முடித்துப் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கும்வரை அவர் விரல் குமிழின் மேல் அசையாமல் நிற்கும். ஒரு மாதம் கழித்து அது இரண்டு நொடி ஆயிற்று. பிறகு ஒன்று. எப்போது குறைத்தார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. 30 சொல் வேகத்தில் பழகிய கை, என் ஒருவனுக்காக மாலை மாலையாக அப்படி நின்றது. அந்த வேகத்தில் ஓடிப் பழகியவருக்கு நிற்பது எவ்வளவு கடினம் என்பது நானே 20ஐத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

எஃப், எல் இரண்டும் என்னை மூன்று வாரம் வாட்டின. ஒன்று 'டிடிடாடிட்', மற்றொன்று 'டிடாடிடிட்'. கண்ணாடியில் பார்த்தாற்போல ஒன்றின் தலைகீழ் மற்றொன்று. க்யூவும் ஒய்யும்கூட அப்படித்தான். அந்த மூன்று வாரத்தில் அவர் ஒருமுறைகூட 'தவறு' என்று சொல்லவில்லை. நான் எஃப் வர வேண்டிய இடத்தில் எல் எழுதினால், அவர் பாட்டுக்கு அடுத்த வரியை அனுப்புவார். அந்த வரியில் 'லைஃப்' வரும். அதற்கடுத்து 'ஃபுல்' வரும். பிறகு 'செல்ஃப்', 'ஹாஃப்', 'ஃபால்'. இரண்டு எழுத்தும் சேர்ந்து வருகிற சொற்களாகப் பொறுக்கிப் பொறுக்கி, பேச்சுப்போக்கில் வருவதுபோலவே அனுப்புவார். ஒருநாள் நானே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தபோது, அவர் கண்ணை என் தாளிலிருந்து எடுக்காமல், 'டிடிடிடிட் டிடிட்' என்று இரண்டு எழுத்து அடித்தார். எச், ஐ. மோர்ஸில் அதுதான் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பற்றி அவருக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. 1961 டிசம்பர் 12 அன்று ஹாம்கள் தாங்களே செய்த முதல் செயற்கைக்கோளான ஆஸ்கர் 1 விண்ணுக்குப் போனது. ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை. வேறொரு பெரிய ஏவுதலில் எடைச் சமநிலைக்காக வைக்கப்படும் பாரத்தின் இடத்தில் இதை வைத்து அனுப்பினார்கள். பேட்டரி தீரும்வரை அது பூமியைச் சுற்றிச் சுற்றி மோர்ஸில் 'ஹாய்' என்ற ஒரே சொல்லை அனுப்பிக்கொண்டிருந்தது. 28 நாடுகளைச் சேர்ந்த 570க்கும் மேற்பட்ட ஹாம்கள் அதைக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். அவர் கதையை இங்கே நிறுத்தி, "அந்த ஹாய் ஏன் ஒரே வேகத்தில் வரவில்லை தெரியுமா?" என்று கேட்பார். கோளின் உள்ளே இருந்த வெப்ப உணரிதான் அந்த வேகத்தைத் தீர்மானித்தது. கீழே கடிகாரத்தோடு உட்கார்ந்து ஹாய்களை எண்ணியவர்கள், மேலே எவ்வளவு சூடு என்று கண்டுகொண்டார்கள். "என்ன அனுப்புகிறான் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளாதே, தம்பி. எந்த வேகத்தில் அனுப்புகிறான் என்று கவனி. அவன் உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன என்று அதில் இருக்கும்" என்பார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வரச் சொன்னார். பஸர் இல்லை, தாள் இல்லை. ரேடியோவை 40 மீட்டர் பட்டையில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் பேசாமல் கேள் என்றார். முதலில் பக்கத்து ஊர்க்காரர்களின் குரல்கள் உரக்கக் கேட்டன. சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். வெளிச்சம் குறையக் குறைய அந்தக் குரல்கள் மெலிந்தன. நடுவில் சற்று நேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அந்த இரைச்சலின் அடியிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மெல்லிய மோர்ஸ் ஒன்று எழுந்தது. அப்புறம் இன்னொன்று. ஒன்று நடுங்கி நடுங்கி வந்தது. "அது துருவப்பக்கமாகச் சுற்றி வருகிறது. அந்த நடுக்கமே அடையாளம்" என்று மட்டும் சொன்னார். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தின் அடியில் இருக்கும் டி அடுக்கு, கீழ் அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோக, அதற்கும் மேலே பல நூறு கிலோமீட்டரில் இருக்கும் எஃப் அடுக்குவரை அலைகள் போய் வளைந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகின்றன. தேர்வுக்காக இதைப் பலமுறை மனப்பாடம் செய்திருந்தேன். என் காதருகே அந்த அடுக்கு கரைந்தது அன்றுதான்.

தேர்வில் தேறி அழைப்புக்குறி கைக்கு வந்த அன்று அவர் வீட்டுக்கு ஓடினேன். காகிதத்தை வாங்கி இரண்டுமுறை படித்தார். பிறகு எழுந்து நின்று கையைக் குலுக்கி, "வாழ்த்துகள், ஓஎம்" என்றார். 'ஓல்ட் மேன்' என்பதன் சுருக்கம் அது. ஹாம்கள் தங்களுக்குள் இருபது வயதுக்காரரையும் எண்பது வயதுக்காரரையும் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள். அந்தக் கணத்துக்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. நான் மட்டும் கடைசிவரை ஐயா என்றுதான் அழைத்தேன். மாற்றிக்கொள்ளச் சொன்னார், முடியவில்லை.

அன்றே உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அனுப்பவும் கேட்கவும் உதவும் பழைய டிரான்ஸ்ஸீவர், அதன் மின்வழங்கி, ஒரு சுருள் கம்பி. "உனக்கென்று ஒன்று வாங்கும்வரை வைத்துக்கொள். திருப்பித் தரும்போது வேலை செய்கிற நிலையில் தர வேண்டும். என்ன பழுது பார்த்தாய் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடு" என்றார். வீட்டுக்குப் போய்ப் பிரித்தபோது கருவிக்கு அடியில் தாள்கள் இருந்தன. ஏழு வெவ்வேறு கையெழுத்துகள். ஒன்றில் ஃப்யூஸ் பிடிப்பான் தளர்ந்திருந்ததால் மாற்றினேன் என்று இருந்தது. இன்னொன்றில் ஒலிக் கட்டுப்பாட்டில் கரகரப்பு, சுத்தம் செய்தேன். ஒரு தாளில் சின்னச் சுற்றுப்படம் ஒன்றை நேர்த்தியாக வரைந்து, எந்தக் கெபாசிட்டர் ஏன் வீங்கியது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துகளை அன்றிரவு முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்த அறையில் மூன்று நொடி இடைவெளிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். எட்டு மாதம் கழித்து என் தாள் எட்டாவதாகப் போனது. மின்விசிறியின் ஒரு சிறகு உடைந்திருந்ததைச் சரிசெய்தேன் என்பது அதில் இருந்த செய்தி.

ஆன்டெனா கட்ட அவர் வந்தார், ஆனால் கட்டவில்லை. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.05 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டருக்குச் சற்று அதிகம், நடுவில் பிரித்தால் பக்கத்துக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். நான் கணக்கிட்ட அளவுக்குக் கம்பியை நறுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டின கம்பி வளராது, ஓஎம்." அரை மீட்டர் கூடுதலாக விட்டு ஏற்றி, அளந்து பார்த்து, தேவைப்படும் அளவுக்கு நுனியை மடக்கி அதே கம்பியின் மேல் சுற்றச் சொன்னார். கொஞ்சம் மடக்கு, அள, இன்னும் கொஞ்சம் மடக்கு, அள என்று பொழுது போனது. கயிற்றை இழுத்ததும் இறக்கியதும் எல்லாம் நான்தான். அவர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வதோடு சரி.

ஆனால் காற்று வீசும் இரவுகளில் தொடர்பு நடுவிலேயே அறுந்துபோயிற்று. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். முள் திடீரென்று எகிறும், பிறகு தானாக இறங்கும். ஆன்டெனாவின் நடுவில் கேபிளை இணைக்கும் பிஎல்-259 கனெக்டரில்தான் கோளாறு என்பது, நடந்ததை நான் சொன்ன விதத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கனெக்டரைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லி, என் கையில் ஒரு சிறிய இரும்பு அரத்தையும் ரம்பத்தையும் கொடுத்தார். குறுக்கே அறுத்தேன். வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத் தெரிந்த பற்றுவைப்பு, உள்ளே வெறும் உருண்டையாக, சாம்பல் நிறத்தில், மணல்போலச் சொரசொரப்பாக உட்கார்ந்திருந்தது. கம்பியின் பின்னல் அதற்குள் ஒட்டவே இல்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. சூடு போதாமல் ஈயம் உருகியும் ஓடாமல் நின்றுவிட்டது. பக்கத்திலேயே அவர் செய்த ஒரு கனெக்டரையும் அறுக்கச் சொன்னார். நல்ல கனெக்டர். அதை வீணாக்குகிறாரே என்று பதறினேன். அறுத்த முகத்தில் ஈயம் கண்ணாடிபோலப் பளபளத்து, பின்னலின் ஒவ்வோர் இழைக்கும் நடுவே புகுந்து ஊறியிருந்தது. இரண்டு துண்டுகளையும் என் உள்ளங்கையில் அக்கம்பக்கமாக வைத்தார். இப்போதும் என் கருவிப்பெட்டியில் ஒரு சின்ன டப்பாவுக்குள் அவை கிடக்கின்றன.

என் முதல் தொடர்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீடு சில கிலோமீட்டர் தொலைவுதான். என்னை நேராக அழைக்காதே, பொது அழைப்பு விடு என்று சொல்லியிருந்தார். கை நடுங்க 'சிக்யூ' அனுப்பினேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். ஆறுமுறை அனுப்பிய பிறகுதான் அவருடைய கை கேட்டது. இனி நீ அனுப்பு என்று சொல்லும் இறுதிக் 'கே'யின் கடைசிக் கோட்டை ஓர் இழை நீட்டி முடிப்பார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். ஆயிரம் பேர் அனுப்பினாலும் அந்தக் கே தனியாகத் தெரியும். நிலையத்தில்தான் இல்லையோ என்று பயந்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னேன். முதல் அழைப்பிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாராம். "முன்பின் தெரியாத யாராவது உனக்குப் பதில் சொன்னால் அந்தச் சந்தோஷமே வேறு. அதை நான் முந்திக்கொண்டு எடுத்துவிடக் கூடாதே என்று காத்திருந்தேன். ஆறாவது அழைப்பில் உன் புள்ளிகள் சோர்ந்துவிட்டன. அதற்கு மேல் தாங்கவில்லை" என்றார்.

இந்த உலகம் முழுக்க அவரைப்போல இல்லை. சில வாரங்களில் ஒரு நிலையத்தை அழைத்தேன், பதில் மழையாகக் கொட்டியது. மெதுவாக அனுப்புங்கள் என்பதற்கான குறிச்சொல் க்யூஆர்எஸ். அதை அனுப்பினேன். எதிர்முனை அதே வேகத்தில், முதலில் கற்றுக்கொண்டு வா என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு வேறொருவரை அழைக்கப் போய்விட்டது. நான்கு நாள் ரேடியோவைத் தொடவில்லை. அவரிடம் சொன்னபோது ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு இந்த நேரத்துக்கு இந்த அதிர்வெண்ணில் கேள் என்றார். கேட்டேன். அவரும் அவருடைய பழைய நண்பர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூவரும் 30 சொல் வேகக்காரர்கள். அன்று எட்டுச் சொல் வேகத்தில் பேசினார்கள். மரம் வளர்ந்து ஆன்டெனாவை உரசுவது, முதுகுவலி, பேரனின் பள்ளிப் படிப்பு என்று வழக்கமான பேச்சுதான். ஓர் எழுத்துவிடாமல் எனக்குப் புரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து, "இன்னொருவர் காத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்" என்று அனுப்பி, அந்த நீண்ட கேயால் முடித்தார். நான் கீயில் கை வைத்தேன். அதன் பிறகு யாரிடமும் க்யூஆர்எஸ் கேட்க எனக்குக் கூச்சம் வந்ததில்லை.

ஆங்கிலம் பேசும் ஹாம்கள் இப்படிப்பட்ட ஆசானை 'எல்மர்' என்பார்கள். 1971ல் க்யூஎஸ்டி என்ற அமெரிக்க ஹாம் இதழில் ராட் நியூகிர்க் எழுதிய பத்தியிலிருந்து பரவிய சொல். எல்மர் என்ற பெயர் கொண்ட ஒரு நல்ல ஹாமை நினைத்து எழுதியது. இதை அவரிடம் சொன்னபோது, "அப்படியானால் என் எல்மர் எனக்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று தம் ஆசிரியரைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினார். அந்தப் பித்தளைக் கீ அந்த ஆசிரியர் கொடுத்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

2003ல் நடந்த உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதி நீங்கியது. நாடு நாடாகத் தேர்விலிருந்து அதை எடுத்தார்கள். மூத்தவர்கள் பலர் வருந்தியபோது, அவர் வருந்தவில்லை. இனிமேல் வருகிறவன் பிடித்ததால்தான் வருவான், அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது இன்னும் சுகம் என்றார். அது அப்படியே நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் அப்படி நம்பினார், நம்பியதற்கேற்ப நடந்தார்.

வேலை காரணமாக நான் வெகுதூரம் போனேன். முதலில் வாரம் ஒருமுறை வானலையில் சந்தித்தோம். பிறகு மாதம் ஒருமுறை. கடைசி இரண்டு ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். நேரம் இல்லை என்பது உண்மையல்ல. அவர் எப்போதும் இருப்பார் என்று நினைத்துவிட்டேன். அது என்னை இப்போதும் அறுக்கிறது.

அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் கூடும் வானலைக் குழுவில் நெறியாளர் வழக்கம்போல வருகைப் பதிவு எடுத்தார். அவர் அழைப்புக்குறியை மூன்றுமுறை அழைத்து, ஒவ்வொரு முறையும் காத்திருந்தார். நாங்கள் அனைவரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். இறந்த ஹாமை 'சைலன்ட் கீ' என்பார்கள். அதன் சுருக்கமான எஸ்கே, உரையாடல் முடிந்தது என்பதற்கு மோர்ஸில் அனுப்பும் குறியும்கூட.

இரண்டு நாள் கழித்து அந்த அறைக்குள் போனேன். அவர் மகன் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். மேசையில் பேடில் ஓரமாக ஒதுக்கப்பட்டு, அதன் கம்பி சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. ரேடியோவில் பித்தளைக் கீ செருகியிருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன். ஹாம்கள் எங்கிருந்தாலும் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதுவார்கள். 13.30, 13.30, 13.30 என்று மூன்று மாதமாக ஒரே நேரம், ஒரே அதிர்வெண், ஒரே அழைப்புக்குறி. எனக்குத் தெரியாத குறி. குறிப்புக் கட்டத்தில் பொடி எழுத்தில் வேகம் எழுதியிருந்தது. 4, 4, 5, 5, 5. கடைசி இரண்டு வாரமாக எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே குறிப்பு: க்யூ–ஒய்.

அன்று மாலை வீடு திரும்பி, 13.30க்கு அந்த அதிர்வெண்ணில் காத்திருந்தேன். இரைச்சல் மட்டும்தான். மறுநாளும் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, மிக மெதுவாக, புள்ளிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில், அவருடைய அழைப்புக்குறியை யாரோ அழைத்தார்கள். மூன்றுமுறை அழைத்து நிறுத்தினார்கள். சற்று நேரம் விட்டு மறுபடி.

பேடிலைக் கழற்றிவிட்டு என் பழைய கீயைச் செருகினேன். என் குறியைச் சொன்னேன். அவருடைய மாணவன் என்று சொன்னேன். எழுத்தை முழு வேகத்தில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று நொடி விட்டேன். எதிர்முனை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அவர் எங்கே என்று கேட்டது.

சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் போய்விட்டார் என்று அனுப்பினேன். எப்படிப் போனார் என்பதற்கு என் கைக்கு வந்த சொல் 'க்வைட்லி'. க்யூவில் தொடங்கி ஒய்யில் முடிகிற சொல் என்பதை அடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு அந்தச் சொல்லை எதிர்முனை ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பி அனுப்பியது. முதல் எழுத்து ஒய்யாக வந்தது. நான் அதையே மறுபடி அனுப்பினேன். க்யூவுக்குப் பின்னால் நான்கு நொடி விட்டேன்.